ராம்நாடு கடற்கரைப் பக்கம் ஆடிட்டர் ஆபீஸ்ல முதல் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிகிரி முடிச்சுட்டு ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம், தொண்டி பக்கம் ஆடிட்டர் ஆபீஸ்ல சேரலாமா வேணாமான்னு முழிச்சுக்கிட்டு இருக்குற தம்பி தங்கச்சிங்க கேக்குற கேள்விங்கதான் இதெல்லாம். சேதுபதி அரசுக் கல்லூரில முடிச்சவங்க, கீழக்கரை சையது ஹமீதா, தாசிம் பீவில முடிச்சவங்க எல்லாருக்கும் சேத்துதான் எழுதுறேன். பெரும்பாலும் பி.காம் புள்ளைங்களை மனசுல வச்சு எழுதிருக்கேன், மத்த டிகிரிக்கும் நெறைய பொருந்தும்.

சென்னை, மதுரைன்னு போகாம ஊர்லயே சேர்ந்தா கெரியர் வீணாப் போயிருமா?

போகாது, ஆனா ஊர்ல இருக்கோம்னு சும்மா உக்காந்திருந்தா போயிரும். பெரிய ஊர்ல பெரிய ஃபர்ம்ல சேர்ந்தா பெரிய கம்பெனி ஆடிட் பாக்கலாம், அது உண்மை, பயோடேட்டால பேரும் நல்லா இருக்கும். ஆனா அங்க ஆறு மாசம் ஒருத்தருக்கு ஃபிக்ஸட் அசெட் மட்டும், இன்னொருத்தருக்கு பேங்க் ஸ்டேட்மென்ட் மட்டும்னு ஒரு துண்டு வேலையே திரும்பத் திரும்ப வர்றதுக்கும் வாய்ப்பு இருக்கு. இங்க அப்படி இல்ல, ஆள் கம்மி, ஒரு பார்ட்டி (நம்மகிட்ட கணக்கு பாக்கக் கொடுக்குறவர்) பில்லை மஞ்சப்பையில கொண்டுவந்து மேசைல கொட்டுறதுல ஆரம்பிச்சு என்ட்ரி, ஜிஎஸ்டி, டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கிற வரி), பேலன்ஸ் ஷீட், ரிட்டர்ன், அப்புறம் நோட்டீஸ் வந்தா அதுக்குப் பதில் வரைக்கும் ஒரே ஃபைல் உங்க கையிலதான் இருக்கும். முழு ஃபைலையும் பாக்குற இந்த வாய்ப்புதான் சின்ன ஆபீஸோட சொத்து, அதை எடுத்துக்காம ரெண்டு வருஷமும் பில் என்ட்ரியே போட்டுட்டு வெளிய வந்தா ஆபீஸைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்ல.

சி.ஏ (ஆடிட்டர் ஆகுற படிப்பு) படிக்கணும்னு கட்டாயமா? பி.காம் மட்டும் வச்சு சேர முடியாதா?

தாராளமா சேரலாம். ரெண்டு வழி இருக்கு, முதல்லயே பிரிச்சுப் புரிஞ்சுக்கங்க. ஒண்ணு, அக்கவுன்ட் அசிஸ்டென்ட்டா சம்பளத்துக்குச் சேர்றது, இதுக்கு டிகிரி போதும். இன்னொண்ணு சி.ஏ படிச்சு ஆர்ட்டிகிள்ஷிப் பண்றது, அதாவது ஒரு ஆடிட்டர்கிட்ட பயிற்சியா வேலை பாக்குறது. டிகிரி முடிச்சவங்க சி.ஏ-வோட முதல் பரீட்சையான ஃபவுண்டேஷன் எழுத வேணாம், காமர்ஸ்ல 55 சதவீதம், மத்த டிகிரில 60 சதவீதம் இருந்தா நேரா இன்டர்மீடியட்டுக்குப் பதிவு பண்ணலாம், பதிவு பண்ணி 8 மாசம் படிச்சுட்டுத்தான் பரீட்சை. 2023ல வந்த புது திட்டப்படி இன்டர்ல ரெண்டு குரூப்பும் முடிச்சாத்தான் ஆர்ட்டிகிள்ஷிப், அதுவும் முன்ன மாதிரி 3 வருஷம் இல்ல, 2 வருஷம். முடிச்சு 6 மாசம் படிப்புக்கு விட்டுட்டு ஃபைனல் எழுதணும். பழைய திட்டத்துல படிச்ச அண்ணன்கிட்ட யோசனை கேட்டு அதே கணக்குல பிளான் போட்டுறாதீங்க, அவர் காலத்து விதி வேற.

மூணாவதா ஒரு சின்ன வழியும் இருக்கு. காமர்ஸ் டிகிரி இருந்தா ஜிஎஸ்டி பிராக்டிஷனரா பதிவு பண்ணி, அதுக்கான பரீட்சையும் எழுதி, சொந்தமா ஜிஎஸ்டி ரிட்டர்ன் வேலை எடுக்கலாம். ஆனா அதுக்கு முன்ன ஒரு ஆபீஸ்ல கொஞ்ச காலம் வேலை பாத்துட்டுப் போறதுதான் நல்லதுன்னு என் அபிப்பிராயம்.

இன்டர் பாஸ் ஆகாம ஆபீஸ்ல சேர்ந்தா அந்த நாள் ஆர்ட்டிகிள்ஷிப் கணக்குல வருமா?

வராது. இன்டர் முடிச்ச பிறகு சி.ஏ இன்ஸ்டிடியூட்ல ஆர்ட்டிகிள்ஷிப் ஆரம்பம்னு பதிவாகுற தேதியில இருந்துதான் கணக்கு. "நீ வா தம்பி, அப்புறம் பாத்துக்கலாம்"னு யாராவது சொன்னா அந்த அப்புறம் எந்தத் தேதின்னு கேட்டு வச்சுக்கங்க. ஆர்ட்டிகிள்ஷிப் ஆரம்பிச்ச 30 நாளுக்குள்ள ஃபார்ம் போகணும், அது போச்சான்னு பாக்குறது உங்க பொறுப்பும்தான்.

முதல் மூணு மாசம் என்ன வேலை கொடுப்பாங்க?

சலிப்பான வேலை. பர்ச்சேஸ் பில், சேல்ஸ் பில் டேலில (கணக்கு எழுதுற சாஃப்ட்வேர்) ஏத்துறது, பேங்க் ஸ்டேட்மென்ட் டிக் அடிக்கிறது, ஜிஎஸ்டி போர்ட்டல்ல 2பி (சப்ளையருங்க காட்டின பில்லோட பட்டியல்) இறக்கி பார்ட்டி வச்சிருக்குற பில்லோட ஒப்பிடுறது, விட்டுப்போன பில்லுக்கு சப்ளையருக்குப் போன் போடுறது. ஜெராக்ஸ் எடுக்கவும் சொல்லுவாங்க, பேங்குக்கு ஓடவும் சொல்லுவாங்க, டீ வாங்கிட்டு வரச் சொன்னா ஒரு தடவை ரெண்டு தடவை பரவாயில்ல, அதுவே வேலையா ஆனா யோசிங்க.

இந்தச் சலிப்பு வேலையிலயே ஒரு விஷயம் கத்துக்கலாம். ஐஸ் கம்பெனி பில் எந்த மாசம் திடீர்னு கொறையுது, டீசல் எப்ப ஏறுதுன்னு என்ட்ரி போடும்போதே கவனிச்சா அந்த வியாபாரம் எப்படி ஓடுதுன்னு புரிஞ்சிரும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த ரெண்டு மாசத்துல ஒரு போட் கணக்குல டீசல் பில் வழக்கம்போல வந்துருந்தா சீனியர்கிட்ட கேக்கணும். கேக்குறவனைத்தான் ஆடிட்டர் சார் அடுத்த தடவை பார்ட்டி ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போவார்.

நம்ம பக்கம் எந்த மாதிரி பார்ட்டிங்க வருவாங்க? கத்துக்க என்ன இருக்கு?

இதுதான் நிறைய பேருக்குத் தெரியாத விஷயம், இந்தக் கடற்கரையில கணக்கு ரொம்ப வகையா இருக்கும்.

மொதல்ல மீன். மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் எறா, நண்டு, கணவா வாங்கி அனுப்புற கம்பெனிங்க, நடுவுல ஏஜென்ட், போட் முதலாளி, ஐஸ் பிளான்ட்னு ஒரு சங்கிலி. ஃப்ரெஷ் மீனுக்கு ஜிஎஸ்டி இல்ல, அதையே உறைய வச்சு பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டினா 5 சதவீதம். ஏற்றுமதின்னா எல்யூடிங்கற உறுதிக் கடிதம் கொடுத்து வரி கட்டாமலே அனுப்பலாம், பொருள் வாங்கும்போது கட்டின வரியை ரீஃபண்ட் கேக்கலாம். இது மூணும் ஒரே கம்பெனிலயே வரும், எந்தப் பில் எதுல சேரும்னு பிரிக்கத் தெரிஞ்சா நீங்க பாதி ஜிஎஸ்டி கத்துக்கிட்டீங்க. இன்னொரு அழகான விஷயம் ரொக்கம். ஒரு ஆளுக்கு ஒரே நாள்ல பத்தாயிரம் ரூபாய்க்கு மேல ரொக்கமாக் கொடுத்தா அதை வருமான வரில செலவா ஏத்துக்க மாட்டாங்க, ஆனா மீன் பிடிக்கிறவர்கிட்டயே நேரா வாங்கி ரொக்கம் கொடுத்தா விதிவிலக்கு உண்டு, நடுவுல இருக்குற வியாபாரிகிட்ட வாங்கினா அந்த விதிவிலக்கு கிடையாது. கரையில போய் நின்னு பாத்தா யார் பிடிக்கிறவர் யார் வியாபாரின்னு நமக்குப் பாத்ததும் தெரியும், ஏசி ரூம்ல உக்காந்து பாக்குற வெளியூர் ஆளுக்கு வவுச்சர்ல ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். மார்ச் 31க்கு ஸ்டாக் எண்ணப் போனா கோல்ட் ஸ்டோரேஜ் உள்ள மைனஸ் 18 டிகிரில நிக்கணும், சட்டைக்கு மேல ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போட்டுக்கங்க, பேனா மை உள்ள எழுதாது, பென்சில் கொண்டு போங்க.

அடுத்து ராமேஸ்வரம் லாட்ஜ். 2025 செப்டம்பர் 22ல இருந்து ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரைக்கும் உள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், ஆனா உள்வரி கிரெடிட் (லாட்ஜுக்கு வாங்கினதுல கட்டின ஜிஎஸ்டியைக் கழிச்சுக்குறது) எடுக்க முடியாது. அதுக்கு முன்னாடி 12 சதவீதம், கிரெடிட் உண்டு. லாட்ஜ் ஓனருங்க நிறைய பேர் இன்னும் ஏசி வாங்கின பில்லைக் கொண்டுவந்து "இதுக்கு கிரெடிட் எடுத்துக் குடுங்க"ன்னு நிப்பாங்க, பொறுமையா சொல்லிப் புரிய வைக்கணும். ஆன்லைன் புக்கிங் கம்பெனி கமிஷன் போக அனுப்புற பணத்தை அப்படியே வருமானமா எழுதி வச்சிருப்பாங்க, மொத்த வாடகைய எடுத்துட்டு கமிஷனைத் தனியா செலவுல காட்டணும். ரிஜிஸ்டர்ல இருக்குற ரூம் எண்ணிக்கையும் பில்லும் ஒத்துவருதான்னு பாக்குறது ஒரு நல்ல ஆடிட் பாடம்.

கீழக்கரை, தொண்டி பக்கம் வளைகுடா, மலேசியா, சிங்கப்பூர் காசு. இங்க வர்ற காக்காமாருக்கு (அண்ணன்மாருக்கு) மொதல் கேள்வி எப்பவும் ஒண்ணுதான், "நான் என்ஆர்ஐயா இல்லையா?", அதாவது வரிக் கணக்குல வெளிநாடு வாழ் ஆளா இல்லையான்னு. பாஸ்போர்ட்ட வாங்கி முத்திரை முத்திரையா நாள் எண்ணணும். வெளிநாட்டுல வேலை பாக்குறவர் ஊருக்கு வந்து போறதுல 182 நாள்ங்கறதுதான் பொது அளவு, ஆனா இந்தியாவுல வருமானம் 15 லட்சத்துக்கு மேல இருந்து முந்தின 4 வருஷத்துல 365 நாளாவது இங்க இருந்தவருக்கு அது 120 நாளாக் குறையும். என்ஆர்ஐ வீடு விக்கும்போது வாங்குறவர் பிடிக்க வேண்டிய டிடிஎஸ், ஊர்ல இருக்குறவர் வித்தா பிடிக்கிற 1 சதவீதம் கிடையாது, அதை விட ரொம்ப அதிகம், இது தெரியாம பத்திரம் முடிச்சுட்டு அப்புறம் ஆபீஸுக்கு ஓடி வர்றவங்க வருஷா வருஷம் உண்டு. இந்த மாதிரி ஃபைல் பெரிய ஊர்ல ஜூனியர் கைக்கு அவ்வளவு சீக்கிரம் வராது.

அது போக தர்கா, பள்ளிவாசல், சர்ச், கோயில் டிரஸ்ட், பள்ளிக்கூட டிரஸ்ட் எல்லாம் இருக்கு. முண்டு மிளகாய்க்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்ச பிறகு அதை பிராண்ட் போட்டு விக்கிறவங்க, கடல்பாசி வளக்குற குழுங்க, கருப்பட்டி வியாபாரம்னு போய்க்கிட்டே இருக்கும்.

மாசத்துல எந்த நாள் டென்ஷன்?

7ஆம் தேதி டிடிஎஸ் கட்டணும். 11 ஜிஎஸ்டிஆர்-1 (வித்த பில் விவரம்), 15 பிஎஃப் இஎஸ்ஐ, 20 மூணு பி, அதாவது வரி கட்டிப் போடுற ஜிஎஸ்டிஆர்-3பி. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரிட்டர்ன் போடுற சின்ன பார்ட்டிங்களுக்கு 13ம் 22ம். வருஷத்துல பாத்தா ஜூலை கடைசி சம்பளக்காரங்க மாதிரி ஆளுங்களோட வருமான வரி ரிட்டர்ன், அப்புறம் செப்டம்பர் முழுக்க டேக்ஸ் ஆடிட், அக்டோபர் 31 வரைக்கும் அந்த ரிட்டர்ன். அந்த ரெண்டு மாசத்துல சொந்தத்துல கல்யாணம்னாக்கூட மூஞ்சியக் காட்டிட்டு திரும்பணும். அரசாங்கம் தேதிய தள்ளி வைக்கும்னு கடைசி வாரம் எல்லாரும் பேசிக்கிட்டு இருப்பாங்க, சில வருஷம் தள்ளியும் வைக்கும், அதை நம்பி வேலையப் போட்டு வைக்காதீங்க.

நம்ம பக்கத்துக்குன்னு ஒரு உபாயம் சொல்றேன். போட் பார்ட்டிங்களோட மார்ச் கணக்கை தடைக்காலத்துலயே வாங்கிருங்க. ஏப்ரல் மே மாசம் அவங்க கரையில இருப்பாங்க, வலை பின்னிக்கிட்டு, போட்டுக்கு பெயின்ட் அடிச்சுக்கிட்டு. ஜூன் பாதிக்கு மேல போனா ஆளைப் பிடிக்க முடியாது, போர்ட்டல்ல நீங்க ரிட்டர்ன் போட உக்காந்திருப்பீங்க, ஓடிபி அவர் போனுக்குப் போகும், அவர் டவர் இல்லாத கடல்ல இருப்பார். 20ஆம் தேதி ராத்திரி இதை அனுபவிச்ச எந்த ஆபீஸும் அடுத்த மாசம் ஓடிபிக்கு வேற ஏற்பாடு பண்ணிரும்.

டேலி கோர்ஸ் முடிச்சுட்டுத்தான் போகணுமா?

வேணாம், ஆபீஸ்லயே ரெண்டு வாரத்துல வந்துரும். எக்ஸெல்தான் முக்கியம். விலுக்அப், பிவட், ஃபில்டர், இதுல கை ஓடினா நாள் பூரா பண்ற 2பி ஒப்பீடை ஒரு மணி நேரத்துல முடிக்கலாம். சர்ட்டிஃபிகேட் காட்டி யாரும் இங்க வேலை கொடுக்குறதில்ல, ஒரு ஷீட்டைத் திறந்து வச்சு "இதைப் பண்ணு பாப்போம்"னுதான் சொல்லுவாங்க.

இப்ப வருமான வரிச் சட்டமே மாறிருச்சே, காலேஜ்ல படிச்சது உதவுமா?

1961 சட்டம் போய் 2025 சட்டம் 2026 ஏப்ரல் 1ல இருந்து நடைமுறைக்கு வந்துருச்சு. செக்‌ஷன் நம்பர் எல்லாம் மாறிருச்சு, முந்தின வருஷம் மதிப்பீட்டு வருஷம்னு ரெண்டா இருந்தது இப்ப வரி ஆண்டுன்னு ஒண்ணு. அடிப்படைக் கணக்கு அவ்வளவா மாறல. உங்களுக்கு இது நல்ல நேரம், இருபது வருஷம் அனுபவம் உள்ள சீனியருக்கும் பழைய நம்பர்தான் வாயில வரும், நீங்க புது நம்பரையே படிச்சா அவரே உங்ககிட்ட கேப்பார். ஆனா பழைய வருஷத்து ஃபைல், நோட்டீஸ், அப்பீல் எல்லாம் பழைய சட்டத்துலதான் ஓடும், அதனால பழைய புக்கை எடைக்குப் போட்டுறாதீங்க.

சம்பளம் எவ்வளவு எதிர்பாக்கலாம்?

சென்னை ரேட் கிடைக்காது. ஆர்ட்டிகிள்னா ஸ்டைபண்ட் (பயிற்சிக் காலத்துக் கொடுப்பனவு), அதோட குறைஞ்சபட்சத்தை இன்ஸ்டிடியூட்டே ஊரோட மக்கள்தொகைய வச்சு நிர்ணயம் பண்ணிருக்கு, நம்ம ஊர் எல்லாம் கடைசிப் பிரிவுல வரும், சில ஆயிரம்தான். நல்ல ஆபீஸ் அதுக்கு மேல கொடுக்கும், கேக்குறதுல தப்பில்ல. வீட்டுச் சாப்பாடு, வாடகை கிடையாதுங்கறதைக் கூட்டிப் பாருங்க, அதே சமயம் பெரியபட்டினத்துல இருந்தோ திருப்பாலைக்குடில இருந்தோ தினமும் ராம்நாடு வந்து போனா பஸ் காசும் நேரமும் கழிச்சும் பாருங்க. ராமேஸ்வரம் பார்ட்டிகிட்ட போயிட்டு வர்ற செலவை ஆபீஸ் தருமான்னு முதல்லயே கேளுங்க, பின்னாடி கேட்டா ரெண்டு பேருக்கும் சங்கடம்.

இன்டர்வியூல நாம என்ன கேக்கலாம்? கேட்டா கோவிச்சுக்குவாங்களா?

கோவிச்சுக்குற ஆபீஸ்னா அதுவே பதில். நீங்க சேரப்போறது போர்டுல இருக்குற பேர்கிட்ட இல்ல, உங்க வேலையப் பாத்து திருத்தப்போற ஆள்கிட்ட. அதனால "என் வேலைய யார் செக் பண்ணுவாங்க சார்?"னு கேளுங்க. ஆடிட்டரே பாப்பாரா, சீனியர் அக்கா யாராவது பாப்பாங்களா, இல்ல யாருமே பாக்காம கையெழுத்துக்குப் போயிருமா. பரீட்சைக்கு எத்தனை நாள் லீவுன்னு கேளுங்க, புது திட்டத்துல ஆர்ட்டிகிளுக்கு வருஷத்துக்கு 12 நாள்தான் லீவு, அதுக்கு மேல எடுத்தா அந்த நாளைச் சேத்து வேலை பாக்கணும். கடைசி 9ல இருந்து 12 மாசம் கம்பெனில இன்டஸ்ட்ரியல் ட்ரெயினிங் போக விடுவாங்களான்னும் கேளுங்க.

இதை விட முக்கியம், அங்க முன்னாடி ஆர்ட்டிகிள் பண்ணினவர் யாராவது கிடைச்சா ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேசுங்க. சின்ன ஊர், ரெண்டு பேர் தாண்டி மூணாவது ஆள் தெரிஞ்சவராத்தான் இருப்பார்.

பொம்பளப் புள்ளைங்களுக்கு இந்த வேலை சரி வருமா? வீட்ல யோசிக்கிறாங்க.

சரி வரும், நிறைய ஆபீஸ்ல வேலைய இழுத்துட்டுப் போறதே அவங்கதான். வீட்ல கேக்குறது பெரும்பாலும் நேரம்தான். செப்டம்பர்ல லேட் ஆகும், அதை மறைக்காம அத்தாகிட்டயோ வாப்பாகிட்டயோ முதல்லயே சொல்லிருங்க. கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு ஆபீஸ்லயும் சொல்லி வைங்க, லேட் ஆனா யார் கொண்டுவந்து விடுவாங்கன்னு கேளுங்க. வெளியூர் ஆடிட்டுக்கு தனியா அனுப்புவாங்களா துணையோட அனுப்புவாங்களான்னும் கேக்கலாம். இந்தக் கேள்விக்கு ஒழுங்கா பதில் சொல்ற ஆபீஸ் மத்த விஷயத்துலயும் ஒழுங்காத்தான் இருக்கும்னு என் நம்பிக்கை.

எனக்கு இங்கிலீஷ் வராதே?

பார்ட்டிகிட்ட பேசுறதெல்லாம் தமிழ்தான். நோட்டீஸும் பதிலும் இங்கிலீஷ். பழைய ஃபைல்ல இருக்குற நல்ல பதில் கடிதங்களை எடுத்து வாசிங்க, எழுதிப் பாருங்க, அதே பத்துப் பதினஞ்சு வாக்கியம்தான் சுத்திச் சுத்தி வரும். அலங்கார இங்கிலீஷ் ஆபீஸருக்குத் தேவையில்ல, எந்தத் தேதி, எவ்வளவு தொகை, எந்த ஆவணம்னு தெளிவா இருந்தாப் போதும்.

தெரிஞ்சவங்க, சொந்தக்காரங்க கணக்கே ஆபீஸுக்கு வந்தா?

வரும். ஊரே சொந்தக்காரங்கதான். மாமா கடை லாபம் எவ்வளவுன்னு உங்களுக்குத் தெரியும், அத்தை அதை சாப்பாட்டுப் பந்தியில நைசா கேப்பாங்க, வாயத் திறக்கக் கூடாது. டீக்கடைல, வாட்ஸ்அப் குரூப்ல, வீட்டுலகூட பார்ட்டி பேரைச் சொல்லிப் பேசாதீங்க. ரொம்ப நெருங்கின சொந்தம்னா ஆடிட்டர்கிட்ட சொல்லிட்டு அந்த ஃபைலை வேற ஆள்கிட்ட கொடுக்கச் சொல்றது மரியாதை.

பார்ட்டி தப்பா ஏதாவது பண்ணச் சொன்னா?

அடிக்கடி வர்றது லோன் ரிட்டர்ன். "பேங்க்ல வீட்டு லோன் கேக்குறேன் தம்பி, வருமானத்தைக் கொஞ்சம் ஏத்திப் போட்ருங்க, வரி நான் கட்டிக்கிறேன்"பாங்க. வரி கட்டுறேன்னு சொல்றதால அது உண்மையான கணக்கு ஆயிராது. நீங்க முடிவெடுக்க வேணாம், "சார்கிட்ட கேட்டுச் சொல்றேண்ணே"ன்னு சொல்லி ஆடிட்டர் மேசைக்குத் தள்ளி விட்ருங்க. ஆடிட்டர் சர்ட்டிஃபிகேட் எதுன்னாலும் இப்ப யுடிஐஎன்னு 18 இலக்க நம்பர் போட்டாகணும், 2019ல இருந்து கட்டாயம், பேங்க்காரங்க அதை ஆன்லைன்ல போட்டுப் பாத்துருவாங்க.

இன்னொண்ணு, ஆபீஸ்ல பார்ட்டிங்களோட டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (ஆன்லைன்ல கையெழுத்துப் போடுற பென்டிரைவ் மாதிரி) டப்பா நிறைய கிடக்கும், பாஸ்வேர்டு ஒரு நோட்டுல எழுதியிருக்கும். உங்களை அந்த இடத்துல உக்கார வச்சா, எந்த டோக்கன் எப்ப எதுக்குப் போட்டீங்கன்னு உங்க டைரில தேதியோட குறிச்சு வைங்க. பார்ட்டி சரின்னு சொன்ன மெசேஜ் இல்லாம எந்த ரிட்டர்னையும் சப்மிட் பண்ணாதீங்க.

எத்தனை வருஷம் இருக்கணும்? எப்பக் கிளம்பலாம்?

ஆர்ட்டிகிள்னா அந்த 2 வருஷம். சம்பளத்துக்குச் சேந்தவங்க ஒரு முழு வருஷச் சுத்தையாவது பாத்துட்டுப் போங்க, அதாவது ஏப்ரல்ல கணக்கு முடிக்கிறதுல ஆரம்பிச்சு டேக்ஸ் ஆடிட், ரிட்டர்ன், அடுத்த மார்ச் வரைக்கும். அதுக்கு அப்புறம் உங்களையே ஒண்ணு கேட்டுப் பாருங்க, ஒரு பார்ட்டியோட முழு ஃபைலையும் யார் உதவியும் இல்லாம முடிச்சு ஆடிட்டர் கையெழுத்துக்கு வைக்க முடியுதா? முடிஞ்சா மதுரை, சென்னை, துபாய்னு எங்க வேணாலும் போகலாம், கம்பெனிலயும் எடுப்பாங்க. இல்ல, இங்கயே இருந்து சி.ஏ முடிச்சு கீழக்கரைலயோ மண்டபத்துலயோ சொந்தமா போர்டு மாட்டலாம். போகும்போது கையில இருக்குற ஃபைல் எல்லாத்தையும் எழுதி ஒப்படைச்சுட்டுப் போங்க, பார்ட்டி நம்பரைத் தூக்கிட்டுப் போய் நாளைக்கே போன் போடுற வேலை மட்டும் வேணாம், இந்த ஊர்ல அது ஒரே வாரத்துல எல்லா ஆபீஸுக்கும் தெரிஞ்சிரும்.

முதல் நாள் என்ன கொண்டு போகணும்?

மார்க் ஷீட், ஆதார், பான், பேங்க் பாஸ்புக் ஜெராக்ஸ், ரெண்டு போட்டோ. ஒரு தடி நோட்டு, கால்குலேட்டர். அந்த நோட்டுல ஒவ்வொரு பார்ட்டிக்கும் ரெண்டு பக்கம் ஒதுக்கி யார்கிட்ட என்ன பேப்பர் பாக்கி, எப்பக் கேட்டீங்க, என்ன சொன்னாங்கன்னு எழுதுங்க. மதியச் சாப்பாடு கட்டிக்கிட்டுப் போங்க, 20ஆம் தேதிக்குள்ள சேந்தீங்கன்னா வெளிய போய்ச் சாப்பிட நேரம் இருக்காது.